செஞ்சிக் கோப்பை: ஜோசியம் சொன்னவர்கள் எல்லாம் தோற்ற கதை

அமெரிக்காவில் சின்னச் சின்னக் கல்லூரிகளுக்குக்கூடக் கால்பந்து அணி உண்டு. நம்மூர்க் கால்பந்து அல்ல. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற வகை. பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்துக்கொள்ளும். முதல் ஆட்டத்துக்கு விசில் ஊதுவதற்கு முன்பே பயிற்சியாளர்கள் ஓட்டுப் போட்டு, இந்த வருஷம் முதலிடம் யாருக்கு, கடைசி இடம் யாருக்கு என்று ஒரு பட்டியல் வெளியிட்டுவிடுவார்கள். தன் அணிக்குத் தானே ஓட்டுப் போடக் கூடாது என்று பல கூட்டமைப்புகளில் விதி இருக்கிறது. சீசன் முடிந்த பிறகு அந்தப் பட்டியலை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. ஜோசியத் தொழில் நிலைத்து நிற்பதே இந்த மறதியை நம்பித்தான்.

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க இதே மாதிரி ஒரு போட்டி 1649 முதல் 1780 வரை நூற்று முப்பது வருஷம் நடந்திருக்கிறது. மைதானம் ஒன்றே ஒன்று. நாயக்கர், பீஜப்பூர், மராட்டியர், மொகலாயர், ஆற்காடு, பிரெஞ்சு, இங்கிலீஷ், மைசூர் என்று எட்டு அணிகள். தனக்குத் தானே ஓட்டுப் போடக் கூடாது என்ற விதி மட்டும் இங்கே கிடையாது. எல்லாரும் போட்டுக்கொண்டார்கள்.

மைதான நிலவரம்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று மலைகள். மூன்றையும் இணைத்து மைல் கணக்கில் மதில். ராஜகிரி சுமார் எண்ணூறு அடி உயரம். உச்சிக்குப் போகும் வழியில் பாறை பிளந்து ஒரு பள்ளம். அதன் மேல் ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டுப் பத்துப் பேர் காவலுக்கு நின்றால் போதும், எந்தப் படையும் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். 1200 வாக்கில் ஆனந்தக் கோன் என்ற ஆயர் தலைவர், ஆடு மேய்க்கப் போன இடத்தில் கிடைத்த புதையலை வைத்து முதல் மதிலைக் கட்டினார் என்பது ஊர்க்கதை. கோட்டை கட்டுவதற்கு வரி போடாத ஒரே ராஜா அவராகத்தான் இருக்கும். பிறகு வந்த நாயக்கர்கள் கல்யாண மகால், நெற்களஞ்சியம், கோயில் என்று வசதிகளைப் பெருக்கினார்கள்.

இதையெல்லாம் பார்த்த வெள்ளைக்காரர்கள் ‘கிழக்கின் டிராய்’ என்று பட்டம் கொடுத்தார்கள். டிராய்க்குள் நுழைய ஒரு மரக்குதிரையாவது செய்ய வேண்டியிருந்தது. செஞ்சியில் அந்தத் தச்சுக்கூலியும் மிச்சம்.

1649: துணைக்கு வந்தவர்

விஜயநகரப் பேரரசரோடு மதுரை திருமலை நாயக்கருக்கு மனஸ்தாபம். சொந்தப் பலம் போதாது என்று பீஜப்பூர் சுல்தானின் படையைத் துணைக்குக் கூப்பிட்டார். சண்டையைப் பீஜப்பூர் போடும், பலனை நாயக்கர் அனுபவிப்பார் என்பது எதிர்பார்ப்பு. வந்தவர்களுக்குச் செஞ்சி பிடித்துப்போயிற்று. கோட்டையைப் பிடித்துக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார்கள். ஊருக்கு ‘பாதுஷாபாத்’ என்று புதுப் பெயரும் வைத்தார்கள். ஊர்க்காரர்கள் செஞ்சி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பெயர் விளையாட்டு இன்னும் ஒரு முறை வரும்.

1677: எளிதானது வேலூர், கடினமானது செஞ்சி

சிவாஜி தெற்கே வருகிறார். ஜோசியர்கள் மலையையும் மதிலையும் பார்த்துச் செஞ்சி இழுக்கும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். தரைமட்டத்தில் நிற்கும் வேலூரில் அகழியைத் தாண்டினால் வேலை முடிந்தது என்றும் சொல்லியிருப்பார்கள். நடந்தது தலைகீழ். செஞ்சியின் பீஜப்பூர்க் கில்லேதார், அதாவது கோட்டைத் தலைவர், நசீர் முகமது கான், பணமும் ஜாகீரும் பேசி முடித்துக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டார். எண்ணூறு அடி மலையை ஏற வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. வேலூரில் அப்துல்லா கான் என்பவர் இப்படிப் பேசி முடிக்கத் தெரியாத மனிதர். ஒரு வருஷத்துக்கு மேல் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார். 1678இல்தான் கோட்டை விழுந்தது.

விலைக்கு வாங்கிய பொருளைச் சிவாஜி அப்படியே விட்டுவிடவில்லை. மதிலைத் திருத்தினார், அகழி வெட்டினார், கொத்தளம் எழுப்பினார். ஐரோப்பாவில்கூட இவ்வளவு நன்றாகக் கட்ட மாட்டார்கள் என்கிற தோரணையில் ஒரு ஏசுசபைப் பாதிரியார் கடிதமே எழுதினார். கதவு பணத்துக்குத் திறக்கும் என்ற செய்தி அந்தக் கடிதத்தில் இல்லை.

1690: முதல் நாளிலேயே முடிந்திருக்க வேண்டிய ஆட்டம்

செஞ்சி வரலாற்றின் மிகப் பெரிய சீசன் இது. ஒரு பக்கம் ராஜாராம். சிவாஜியின் இளைய மகன், வயது இருபது. அண்ணன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றுவிட்டார். தலைநகர் ராய்கட் பறிபோயிற்று. மாறுவேஷத்தில் தப்பி, வழியில் கெளதி ராணி சென்னம்மாவின் உதவியோடு, செஞ்சிக்கு வந்து சேர்ந்திருந்தார். எதிர்ப்பக்கம் சுல்பிகர் கான். அதே ராய்கட்டைப் பிடித்த சூடு ஆறாத தளபதி, மொகலாய வஜீர் அசத் கானின் மகன். பின்னால் நிற்பது உலகத்திலேயே பணக்காரப் பேரரசு. இதற்கு யார் முன்கணிப்பு எழுதினாலும் ஒரே வரிதான்: மொகலாயர், சீக்கிரம்.

ஏழு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

மூன்று மலைகளைச் சுற்றி வளைக்கிற அளவுக்கு மொகலாயரிடம் ஆள் இல்லை. முற்றுகை என்று பெயர்; உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்து போய்க்கொண்டிருந்தார்கள். உதவிக்கு அப்பா அசத் கானும் ஔரங்கசீப்பின் கடைக்குட்டி மகன் காம் பக்‌ஷும் வந்தார்கள். இளவரசர் எதிரியோடு ரகசியமாகக் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்டார். பாதுஷா இறந்துவிட்டார் என்று ஒரு வதந்தி வேறு. 1692 கடைசியில் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் பின்பக்கமிருந்து வந்து அடித்தபோது, முற்றுகை போட்டவர்களே முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டார்கள். கோட்டையைப் பிடிக்க வந்த தளபதி கடைசியில் பிடித்தது தன் பாதுஷாவின் மகனைத்தான். காம் பக்‌ஷைக் காவலில் வைத்து, அரிசிக்குத் தவித்து, வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். அதற்குப் பிறகு சுல்பிகர் தஞ்சாவூர்ப் பக்கம் போய்க் கப்பம் வசூலிப்பதில் சிறிது காலம் மும்முரமாக இருந்தார். நெல் விளைகிற ஊர், கோபிக்க முடியாது.

அந்தப் படையிலேயே வேலை பார்த்த பீம்சேன் என்ற கணக்கர் தன் நினைவுக்குறிப்பில் உண்மையைப் போட்டு உடைத்திருக்கிறார்: சுல்பிகர் நினைத்திருந்தால் முதல் நாளிலேயே பிடித்திருக்கலாம், வேலையை இழுத்தடிப்பது தளபதிகளின் வழக்கம். முற்றுகை நடக்கிறவரை படியும் படையும் வரும். முடித்துவிட்டால் காந்தகாருக்கோ வேறு எங்கோ மாற்றல் வரும். நம்மூர் மேம்பாலம் கட்டுகிற ஒப்பந்தக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடைசியில் பாதுஷாவின் பொறுமை தீர்ந்தது. 1698 தொடக்கத்தில் கோட்டை விழுந்தது. ராஜாராம் மட்டும் அதற்கு முன்பே வேலூர் வழியாக மகாராஷ்டிரத்துக்குப் போய்விட்டிருந்தார். சுல்பிகரே கண்ணை மூடிக்கொண்டார் என்று அப்போதே பேச்சு இருந்தது. எதற்காக ஏழு வருஷம் உட்கார்ந்தார்களோ அந்த ஆள் இல்லை. ஆனாலும் வெற்றி வெற்றிதான். சுல்பிகருக்கு ‘நுஸ்ரத் ஜங்’ பட்டம், ஊருக்கு ‘நுஸ்ரத்கட்’ என்று இரண்டாவது புதுப் பெயர். ஊர்க்காரர்கள் இப்போதும் செஞ்சி என்றே சொன்னார்கள்.

1714: சரியாகக் கணித்த முதல் நிபுணர்

மொகலாயர் செஞ்சியைப் பார்த்துக்கொள்ளச் சொரூப் சிங் என்ற பந்தேல ராஜபுத்திரரை வைத்தார்கள். அவர் இறந்ததும் மகன் தேஜ் சிங் பொறுப்புக்கு வந்தார். தமிழ் நாக்குக்கு அவர் தேசிங்கு. வயது இருபத்திரண்டு. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான், கப்பப் பாக்கி எங்கே என்றார். தேசிங்கு வாளை எடுத்தார். அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் படை, இந்தப் பக்கம் சில நூறு குதிரைகள். தேசிங்கின் உயிர்த் தோழன் மகபத்கான் கல்யாண மேடையிலிருந்து எழுந்து நேராகப் போர்க்களத்துக்கு வந்தான் என்று கதைப்பாடல் சொல்கிறது.

போருக்குப் போகும் முன் தேசிங்கு பக்கத்தில் உள்ள சிங்கவரம் குடைவரைக் கோயிலுக்குப் போய் அரங்கநாதரிடம் உத்தரவு கேட்டாராம். வேண்டாம் என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இன்றைக்கும் அங்கே முகம் ஒரு பக்கமாகத் திரும்பித்தான் இருக்கிறது என்று காட்டுவார்கள். செஞ்சியின் நூற்று முப்பது வருஷத்தில் முடிவைச் சரியாகச் சொன்ன முதல் நிபுணர் இவர்தான். அவரும் படுத்துக்கொண்டே சொன்னார். தேசிங்கு கேட்கவில்லை, அந்த அக்டோபரில் களத்தில் விழுந்தார்.

ஆனால் ஜெயித்த நவாபுக்காகத் தமிழில் தெருத் தெருவாகப் பாடியவர் யாரும் இல்லை. தோற்ற தேசிங்கை இரண்டு நூற்றாண்டு பாடினார்கள். 1960இல் எம்.ஜி.ஆரே ‘ராஜா தேசிங்கு’ ஆனார். எம்.ஜி.ஆர். படம் ஓடும் என்பதைவிடப் பாதுகாப்பான முன்கணிப்பு அந்தக் காலத்தில் கிடையாது. படம் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. செஞ்சி என்று வந்துவிட்டால் வாத்தியாருக்கும் விலக்கு இல்லை.

1750, 1752: இரவு ஆட்டமும் விக்கிரவாண்டியும்

1750 செப்டம்பரில் ஆற்காட்டு முகமது அலியின் தோற்றுப்போன படை செஞ்சிக்குள் ஒதுங்கியிருந்தது. மலை இருக்கிறது, பயமில்லை என்று நிம்மதியாக இருந்தார்கள். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரு சிறிய படையோடு வந்தார். வாசல் கதவை வெடி வைத்துப் பிளந்து, இருட்டிலேயே மூன்று மலைகளிலும் ஏறி, விடிவதற்குள் எல்லாவற்றையும் முடித்தார். மொகலாயருக்கு ஏழு வருஷம். புஸ்ஸிக்கு ஒரே ராத்திரி. காலையில் வெளிச்சம் வந்து, தாங்கள் ஏறி வந்த உயரத்தைக் கீழே பார்த்தபோது பிரெஞ்சுக்காரர்களே அசந்துபோனார்கள் என்று வெள்ளைக்கார வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பகலில் பார்த்திருந்தால் ஏறியிருக்கவே மாட்டார்கள். பாண்டிச்சேரியில் புஸ்ஸி வீதி இன்னும் இருக்கிறது.

இதைப் பார்த்துச் சென்னையில் இங்கிலீஷ்காரக் கவர்னர் சாண்டர்ஸுக்கு ஆசை வந்தது. அவர்கள் ஒரு ராத்திரியில் பிடித்தார்கள், நாம் பிடிக்க முடியாதா? அனுபவசாலியான மேஜர் லாரன்ஸ் வேண்டாம் என்றார். 1752இல் சீமையிலிருந்து புதிதாக வந்திறங்கிய மேஜர் கினியரை அனுப்பினார்கள். கினியர் வந்தார், மலையைப் பார்த்தார், திரும்பினார். திரும்புகிற வழியில் விக்கிரவாண்டியில் பிரெஞ்சுக்காரர்களிடம் அடி வாங்கினார். விக்கிரவாண்டியில் நின்றால் எதையாவது இழக்காமல் கிளம்ப முடியாது என்பதைச் சுங்கச்சாவடி வருவதற்கு முன்பே கண்டுபிடித்தவர் அவர்.

1761: மூன்று வருஷம் என்றவர்

பாண்டிச்சேரி விழுந்துவிட்டது. செஞ்சியில் இன்னும் பிரெஞ்சுக் கொடி பறக்கிறது. கோட்டைத் தலைவர் பெயர் மெக்ரெகர். பெயரைக் கேட்டாலே ஸ்காட்லாந்துப் பூர்விகம் என்று தெரியும். இங்கிலீஷ் தளபதி ஸ்டீபன் ஸ்மித் சரணடையச் சொல்லி ஆள் அனுப்பினார். ஒரு லட்சம் பேரோடு வந்தாலும் இந்த மலைகளைப் பிடிக்க மூன்று வருஷம் ஆகும் என்று மெக்ரெகர் பதில் சொல்லி அனுப்பினார். தன் அணிக்குத் தானே போட்ட ஓட்டுகளிலேயே இது கம்பீரமானது. ஸ்மித் ராத்திரியில் ஏணி வைத்துக் கீழ்க்கோட்டைக்குள் இறங்கினார். 1761 ஏப்ரல் 5ஆம் தேதி மெக்ரெகர் சாவியைக் கொடுத்தார். மூன்று வருஷக் கணக்கு சில வாரங்களில் முடிந்தது.

1780இல் ஐதர் அலியின் முறை. உள்ளே என்சைன் மெக்காலே என்ற இளம் அதிகாரி, ஒரு சின்னப் படையோடு. சண்டை போடுவதற்குள் கூட இருந்த நவாபின் சிப்பாய்களே கலகம் செய்தார்கள். சென்னைக்குப் போக விடுவதாகப் பேச்சு; போய்ச் சேர்ந்தது ஸ்ரீரங்கப்பட்டணச் சிறைக்கு.

கோப்பை யாருக்கு?

2025 ஜூலையில் யுனெஸ்கோ தீர்ப்புச் சொன்னது. ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகள் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. கோன்கள் தொடங்கி, நாயக்கர்கள் விரித்துக் கட்டிய மைதானத்தில் மராட்டியர் விளையாடியது சுமார் இருபது வருஷம். கோப்பையில் அவர்கள் பெயர். இதையும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

செஞ்சியைப் பற்றித் தப்பாகச் சொன்ன அத்தனை பேரும் மலையின் உயரத்தையும் மதிலின் கனத்தையும் சரியாகத்தான் அளந்தார்கள். கில்லேதாருக்கு என்ன விலை, தளபதிக்கு ஜெயிப்பதில் லாபமா இழுப்பதில் லாபமா, காவல்காரன் ராத்திரி விழித்திருக்கிறானா, சிப்பாய் யார் பக்கம் என்பதையெல்லாம் யாரும் அளக்கவில்லை. ஆட்டத்தைத் தீர்மானித்தது அதுதான். இனி யாராவது உங்களிடம் கிரிக்கெட்டோ கபடியோ தேர்தலோ, இந்த அணியை அசைக்கவே முடியாது என்று அடித்துச் சொன்னால், பலத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அங்கே சம்பளம் ஒழுங்காகப் போகிறதா என்று மட்டும் கேளுங்கள்.