பெண் கங்காணி விரோதி

இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் எந்த லயத்துக்குப் போனாலும், பெண்ணைக் கங்காணியாக நியமிக்கலாமா என்ற பேச்சு எழுந்த மாத்திரத்தில், தோளிலிருந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "சிருஷ்டியிலேயே பேதம் இருக்கிறது" என்று ஆரம்பிக்கிற பெரியவர் ஒருவரைக் காணாமல் திரும்ப முடியாது.

பெண்ணுக்குப் பொறுமையும் மெல்லிய விரலும் சுபாவமாக வாய்த்திருப்பதால் கொழுந்து பறிக்கவும், விடியுமுன் எழுந்து இறப்பர் மரத்தில் பால் வெட்டவும் அவள் பிறந்தாள் என்பதும், அவள் பின்னால் நின்று அதட்டும் லக்ஷணம் ஆணுக்கே பிறவியில் அமைந்தது என்பதும் அவருடைய சித்தாந்தம். மாணிக்கக் குழியருகே பெண் வரலாகாதென்ற இவ்வூர்ப் பழைய நம்பிக்கையையும் சாட்சிக்கு அழைப்பார். பாரமான வேலை பெண்ணுடம்புக்கு ஆகாதென்று அவர் கருணையோடு எடுத்துரைக்கும் அதே வேளையில், அவருடைய சம்சாரம் அட்டை கடித்த காலோடு, நிறைந்த கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டியபடி, கொழுந்து நிறுக்க மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருப்பாள். கான் வெட்டையோ முள்ளுக்குத்தையோ மதியத்துக்குள் முடித்துவிட்டு வந்தவராகையால் தத்துவ விசாரத்துக்கு அவருக்கு அவகாசம் உண்டு. அந்தியில் வந்து விறகு பொறுக்கி ரொட்டி சுடவேண்டிய அம்மையாருக்கு அது இல்லாமற் போனதும் சிருஷ்டி பேதத்தின் பாற்பட்டதே போலும்.

உலகின் முதற் பெண் பிரதம மந்திரியாக 1960இல் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்கா பிறந்த இரத்தினபுரியிலே நின்றுகொண்டு இப்படிப் பேசலாமா என்று, பிள்ளைக்காம்பராவில் வேலை செய்யும் பெண்ணொருத்தி ஒருநாள் கேட்டுவிட்டாள். இதற்காகவே காத்திருந்தவர்போல் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கேளு புள்ள, 1964ல சாஸ்திரியோட ஒப்பந்தம் போட்டு, நம்ம சனத்துல அஞ்சே கால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்பச் சம்மதிச்சது யாரு? ஒரு பொம்பளைதானே?"

"அதுக்கு முந்தி 1948ல நம்ம பிரஜாவுரிமையப் பறிச்சாரே டி.எஸ். சேனநாயக்கா, அவரு பொம்பளையா பெரியப்பா?"

சபை சிரித்தது. அதெல்லாம் அரசியல் என்று ஒதுக்கிவிட்டு, தேநீருக்குச் சீனி போதாதென்று அவர் சம்சாரத்தைக் கூப்பிட்டார்.

1984இல் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டபோதும், தோட்டம் குடிமுழுகிப் போகுமென்று இவரே ஜோசியம் சொல்லியிருப்பார். அப்படியொன்றும் முழுகிவிடவில்லை, ஆனால் கொழுந்து மலையில் நிற்போரில் பெரும்பாலார் பெண்களாயிருக்க, அவர்களை மேய்க்கும் கங்காணி பெரும்பாலும் ஆணாகவே இருந்துவருகிறார். அடுத்த கங்காணியைப் பொறுக்கியெடுக்கும்போது தோட்டத்துரைமார் நம் பெரியவரிடம் யோசனை கேட்காதிருந்தாலே பெரிய உபகாரம்.