மொட்டை மாடி மாஸ்டர்

சென்னையில் முப்பது வீட்டுக்கு மேல் உள்ள எந்த அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொண்டாலும் ஒரு லிஃப்டும் ஒரு வாட்ச்மேனும் ஒரு யோகா மாஸ்டரும் உண்டு. லிஃப்ட் அவ்வப்போது நின்றுவிடும். வாட்ச்மேன் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் மாசி மாதம்தான் திரும்புவார். மாஸ்டர் மட்டும் லீவே எடுக்கமாட்டார்.

வங்கியிலோ மின்வாரியத்திலோ மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ரிட்டையர் ஆன முதல் மாதம் வீட்டை நிர்வாகம் செய்து பார்த்தார். தாளிப்புக்கு எண்ணெய் எவ்வளவு செலவாகிறது என்று அவர் கணக்குக் கேட்ட மறுநாள், பேப்பரில் வந்த ‘பத்து நாள் யோகா முகாம்’ விளம்பரத்தைக் கத்தரித்து அவருடைய காபி டம்ளருக்கு அடியில் வைத்தது வீட்டுக்கார அம்மாள்தான் என்று ஒரு பேச்சு உண்டு. முகாமுக்குப் போனார். பதினோராம் நாள் காலை ஐந்தரைக்கு மொட்டை மாடிக் கதவுச் சாவி அவர் கைக்கு வந்துவிட்டது.

வெள்ளை டி ஷர்ட், பேத்தி வாங்கிக் கொடுத்த டிராக் பேண்ட், நெற்றியில் விபூதி, கழுத்தில் விசில். யோகாவுக்கு விசில் எதற்கு என்று கேட்கக் கூடாது. இருபத்தைந்து வருஷம் மணியடித்து ஆளைக் கூப்பிட்டவர் அவர்.

அவர் ஆசனம் போட்டு யாரும் பார்த்ததில்லை. “நானும் குனிஞ்சுட்டா உங்களை யாரு பாக்குறது?” என்பார். நியாயந்தானே? பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் மொத்தம் இருநூறுக்குச் சற்றுக் குறைவான சூத்திரங்கள். ஆசனத்துக்கென்று அவர் ஒதுக்கியது மூன்றே மூன்று. இருப்பு உறுதியாக இருக்க வேண்டும், சுகமாகவும் இருக்க வேண்டும் என்று அதில் சொல்கிறார். மாஸ்டர் இதைப் பாகப்பிரிவினை செய்துவிட்டார். உறுதி மாணவர்களுக்கு. சுகம், தண்ணீர்த் தொட்டி நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தமக்கு.

அவருடைய வகுப்பை நௌகாசனத்தில் பார்க்க வேண்டும். மல்லாந்து படுத்து, காலையும் முதுகையும் ஒரே சமயத்தில் தூக்கி, பின்பக்கத்தில் மட்டும் உடம்பை நிறுத்துகிற ஆசனம். பத்து எண்ணும்வரை நிற்க வேண்டும்.

“அஞ்சு... ஆறு... ஏழு...” போன் அடிக்கிறது.

“ஹலோ, ஆமா, நான்தான் பேசறேன். சிலிண்டரா? முந்தாநாளே புக் பண்ணியாச்சே. ஓடிபியா? வரலையே. இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன்.”

ஜமக்காள வரிசையில் கால்கள் கிடுகிடுவென்று ஆடுகின்றன. பி பிளாக் அம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, “மாஸ்டர், எட்டு!” என்கிறார். அவர் ‘கொஞ்சம் பொறுங்க’ என்று கையைக் காட்டுகிறார். இரண்டு பேர் ஏற்கெனவே கவிழ்ந்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் முதுகு தரையில்தான் இருக்கிறது, ஆனாலும் முகத்தில் முயற்சி தெரிகிறது. ஓடிபியின் ஆறு எண்களையும் தெருவுக்கே கேட்கும்படி ஒப்பித்துவிட்டு மாஸ்டர் திரும்புகிறார்.

“எங்க விட்டேன்? ஆறா?”

எந்த வியாதிக்கும் அவரிடம் ஓர் ஆசனம் ரெடி. சர்க்கரைக்கு மண்டூகாசனம், முதுகுவலிக்குப் புஜங்காசனம், வாயுவுக்குப் பெயரிலேயே பவனம் இருக்கிற பவனமுக்தாசனம். மற்ற எல்லாவற்றுக்கும் வஜ்ராசனம். அதன்மேல் அவருக்குத் தனி மரியாதை. மற்ற ஆசனங்களுக்கு முன்னால் மூன்று, நான்கு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும்; வஜ்ராசனத்தைச் சாப்பிட்ட கையோடு செய்யலாம். ஆனால் தேய்ந்த முட்டியை அப்படி முழுக்க மடக்கி அதன்மேல் உடம்புப் பாரத்தை இறக்கினால் வலி கூடத்தான் செய்யும். நாற்காலியிலிருந்து கைப்பிடி இல்லாமல் எழுந்திருக்கவே முடியாத எதிர் பிளாக் பாட்டியை அவர் அதில்தான் உட்காரவைத்தார். “வலிக்குதா? அப்ப வேலை செய்யுதுன்னு அர்த்தம்.” பாட்டியை எழுப்ப வாட்ச்மேன் வந்தார்.

குருபரம்பரையைக் கேட்டால், “கிருஷ்ணமாச்சாரியார் வழி” என்று கண்ணை மூடிக்கொள்வார். 1930களில் மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்தி, பிறகு சென்னைக்குக் குடிவந்து, நூறு வயதைத் தாண்டி 1989இல் மறைந்த அதே கிருஷ்ணமாச்சாரியார்தான். பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அவருடைய மாணவர்கள். மகன் தேசிகாசார் அவர் பெயரில் 1976இல் தொடங்கிய யோக மந்திரம் மந்தைவெளியில் இருக்கிறது. நம் மாஸ்டருக்கு இதில் என்ன தொடர்பு என்று குடைந்து கேட்டால், வங்கியின் மந்தைவெளிக் கிளையில் மூன்று வருஷம் மேனேஜராக இருந்தாராம்.

அந்த வழியின் உயிர்நாடி, ஆளைப் பார்த்து யோகா சொல்லிக்கொடுப்பது. வயசு, உடம்பு, தொழில் எல்லாம் பார்த்து ஆசனத்தை மாற்ற வேண்டும் என்பார்கள். மாஸ்டரும் ஆளைப் பார்த்துத்தான் சொல்லிக்கொடுக்கிறார். ஓய்வு பெற்ற ஜாயின்ட் கலெக்டருக்கு வந்தவுடனே சவாசனம். அசோசியேஷன் பாக்கி வைத்திருக்கும் நாலாம் மாடிக்காரருக்கு சக்கராசனம், அதுவும் இரண்டு தடவை.

எல்லாப் பாணியும் அவருக்கு அத்துப்படி. ஐயங்கார் கட்டை, பெல்ட், நாற்காலி, கயிறு என்று துணைப்பொருள்களை வைத்து உடம்பை நேராக்கினார் என்று யாரோ சொல்ல, மாஸ்டர் தொட்டிக்கு அடியில் கிடந்த ஹாலோ பிளாக்கை எடுத்து மாமி ஒருத்தர் கைக்கு அடியில் வைத்தார். உள்ளங்கையில் அதன் அச்சு சாயங்காலம் வரை இருந்ததாம். வெளிநாட்டில் சூடான அறைக்குள் யோகா செய்கிறார்களே, நாற்பது டிகிரி சூட்டில் ஒன்றரை மணி நேரம், இருபத்தாறு ஆசனம்? “நம்ம மாடிக்கு அக்னி நட்சத்திரத்துல வரச் சொல்லுங்க. காசே வேணாம்.” இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னதை மறுக்க வழியில்லை.

சிரசாசனத்தில்தான் எனக்கு அடிவயிறு கலங்கும். ஆசனங்களுக்கெல்லாம் ராஜா என்று அதைச் சொல்வார்கள். ராஜாவைத் தம் மாடிக்கு வரவழைக்காமல் மாஸ்டருக்குத் தூக்கம் வராது. தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதனால் கிளாகோமா உள்ளவர்களைக் கண் டாக்டர்கள் அந்தப் பக்கமே போகாதே என்கிறார்கள். கட்டுக்கடங்காத ரத்தக்கொதிப்பு, கழுத்தெலும்புத் தேய்மானம் என்றாலும் அதே பேச்சுதான். இதை முதல் மாடிக்காரர் டாக்டர் சீட்டோடு வந்து காட்டினார். மாஸ்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கையெழுத்து சரியில்லையே, சார்” என்றார். வங்கிப் பழக்கம்.

மூச்சுப் பயிற்சியிலும் அவசரம் இப்படித்தான். ஹடயோக பிரதீபிகை என்ற பழைய நூல், சிங்கம், யானை, புலியைப் பழக்குவதுபோல் மூச்சை மெல்ல மெல்லப் பழக்கச் சொல்கிறது. தப்பாகச் செய்தால் விக்கல், இழுப்பு, இருமல், தலையிலும் காதிலும் கண்ணிலும் வலி வரும் என்றும் வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது. மாஸ்டரோ சனி, ஞாயிறு இரண்டே நாளில் மூன்று மிருகங்களையும் கூண்டில் ஏற்றிவிடுவார். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒருவரைக் கபாலபாதி செய்யச் சொல்லி விசில் ஊதினார். நல்ல வேளை, ஆபரேஷன்காரரின் மனைவி கீழிருந்து போட்ட சத்தம் விசிலைவிடப் பலமாக இருந்தது.

ஜூன் 21 அவருக்குப் பிறந்தநாள் மாதிரி. 170க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து முன்மொழிய, ஐ.நா. சபை 2014 டிசம்பரில் தீர்மானம் போட்டு, மறு வருஷத்திலிருந்து கொண்டாடுகிற யோகா நாள். அன்றைக்குப் பேனர், ஒரே நிறத்தில் டி ஷர்ட், தலைமைக்குக் கவுன்சிலர். கவுன்சிலர் ஏழேகாலுக்கு வந்து, குத்துவிளக்கேற்றி, பொன்னாடை வாங்கி, பேசி முடிக்க எட்டாகும். யோகா பத்து நிமிஷம். பிறகு வெண்பொங்கல், வடை, கொத்சு. அதற்கப்புறம் எல்லோரும் மனமொப்பி வஜ்ராசனத்தில் உட்காருவார்கள்.

இவ்வளவும் சொன்னேனே தவிர, அவர் இல்லாவிட்டால் இந்தக் குடியிருப்பில் பாதிப் பேர் காலையில் படுக்கையைவிட்டு எழுந்திருக்கவே மாட்டார்கள் என்பதும் உண்மை. ஃபீஸ் கிடையாது. ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக் கதவைத் தட்டி, “உடம்புக்கு என்ன?” என்று கேட்கிற ஆள் வேறு யாரும் இங்கே இல்லை.

போன தை மாதம் மூன்றாம் மாடிக்கு ஒரு பெண் குடிவந்தாள். யோகாவில் எம்.எஸ்சி. கீழே கம்யூனிட்டி ஹாலில் மாலை வகுப்பு ஆரம்பித்தாள். முதல் நாள் ஆசனமே இல்லை. பி.பி. உண்டா, ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, முட்டி எப்படி, என்ன மாத்திரை என்று ஒரு ஃபாரம். முட்டி வலிக்காரர்களுக்கு நாற்காலி, கழுத்து வலிக்காரர்களுக்குச் சுவர். வலித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்று வேறு சொன்னாளாம்.

“யோகா கிளாஸா, பாஸ்போர்ட் ஆபீஸா?” என்று மாஸ்டர் லிஃப்டில் வருவோர் போவோரிடமெல்லாம் கேட்டார். ஒரு வாரம் கேட்டுப் பார்த்துவிட்டு, இன்ஸ்பெக்‌ஷன் என்று சொல்லிக்கொண்டு ஒரு நாள் தாமே ஹாலுக்கு இறங்கினார்.

“வாங்க அங்கிள். இதை ஃபில் பண்ணிக் குடுங்க.”

பெயர், வயது மளமளவென்று வந்தன. ‘முட்டி’ என்ற இடத்தில் பேனா நின்றது. வெகு நேரம் யோசித்து, இடது, வலது இரண்டிலும் டிக் அடித்தார். அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கையைத் தூக்கச் சொன்னாள், தூக்கினார். மூச்சை விடச் சொன்னாள், விட்டார். கடைசியில் எல்லோரையும் படுக்கவைத்து விளக்கை அணைத்த இரண்டாவது நிமிஷம், மாஸ்டரின் குறட்டை ஹாலை நிறைத்தது. வகுப்பு முடிந்து ஜமக்காளத்தைச் சுருட்டும்போதுதான் எழுப்பினார்கள்.

மறுநாள் காலை மாடியில் விசிலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அந்தப் பொண்ணு நல்லா வருது, சார். சவாசனத்துக்கு மட்டும் டைம் பத்தல. ஒரு அரை மணி நேரம் கூட்டச் சொல்லியிருக்கேன்.”