வடசென்னைச் சேர்க்கைத் திணையியல்

இவ்வியல் என் நுதலிற்றோ எனின், பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குக் கலந்தாய்வு வழியே பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தலும், கிடையாமையும், கிடைத்தும் கிடையாதது போல் இருத்தலும் உணர்த்துதல் நுதலிற்று. எல்லை: தெற்கே ராயபுரம் ரயில் நிலையம், வடக்கே எண்ணூர் முகத்துவாரம், கிழக்கே கடல், மேற்கே மணலிச் சுத்திகரிப்பு ஆலையின் தீக்கொழுந்து.

முதற்பொருள் நிலமும் பொழுதும் ஆம். பெரும்பொழுது மே தொடங்கிச் செப்டம்பர் வரை. மே மாதத்தில் விண்ணப்பம் திறக்கும். அதே மே மாதத்தில் காசிமேட்டு விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய், பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் 250. பெரிய தொகையில்லை என்பார் தென்சென்னை உரைகாரர். அவர் தடைக்காலத்தில் மீன் விலை கேட்டுச் சலித்துக்கொள்பவரேயன்றி, மீன் விற்று அரிசி வாங்குபவர் அல்லர். சிறுபொழுது ஒன்றே: மாலை ஐந்து மணி. தற்காலிக ஒதுக்கீட்டை உறுதி செய்ய வலைத்தளம் அதுவரைதான் திறந்திருக்கும். நாலே முக்காலுக்கு ஓ.டி.பி. வராது என்பது வழக்கு.

கருப்பொருளாவன: தெய்வம் வடிவுடையம்மன், உணா டீயும் பஜ்ஜியும், பறை ஜெராக்ஸ் மெஷின், ஊர் பிரவுசிங் சென்டர், மக்கள் பாஸ்வேர்டை மறந்தோரும் அதைத் தேடுவோரும். பிறவும் அன்ன.

இனி உரிப்பொருள். கணக்கு நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு, ஆக 200க்குக் கட் ஆஃப். நுழைவுத் தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்த பின் இதுவே அளவை. அதன்படி தரவரிசை வந்து, நானூறுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் விரும்பியவற்றை வரிசையிட்டு, ஒதுக்கீடு திரையில் தோன்றியதும், மாணாக்கர்க்கு ஐந்து வழி காட்டப்படும். சான்றோர் அன்பிற்கு வகுத்த ஒழுக்கமும் ஐந்து. தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தார் தொல்காப்பியம் பார்த்துத்தான் மென்பொருள் எழுதினரோ என ஐயுறும் அளவுக்கு இரண்டும் பொருந்தும்.

கிடைத்ததை ஏற்றுச் சேர்தல் குறிஞ்சி. சேர்ந்தார், மேலே உரையில்லை. கிடைத்ததை வேண்டாமென்று தள்ளி, மேலே உள்ளது வந்தால் மட்டும் வருவேன் என்றல் மருதம், ஊடலாதலின். இந்தச் சுற்றே வேண்டாம், அடுத்த சுற்றுக்குப் போகிறேன் என்றல் நெய்தல். அடுத்த சுற்றில் எஞ்சியிருப்பவற்றைக் கண்டு இரங்குவது உறுதியாதலின். கலந்தாய்வையே விட்டு விலகல் பாலை. அவர் கலைக் கல்லூரிக்கோ, பாலிடெக்னிக்குக்கோ, மாமா வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டுக்கோ பிரிவர்.

விரித்துரைக்க வேண்டுவது முல்லை. ஏற்றுக்கொண்டே மேல்நகர்வுக்குக் காத்திருத்தல் அது. ஊரார் ‘அப்வர்டு’ என்பர். கையில் ஒரு கல்லூரி, கண் மேலே இருக்கும் கல்லூரியில். மேலுள்ளோர் சேராமல் விட்டால் இடம் காலியாகி இவரை மேலே தூக்கும். ஒரு காலத்தில் இக்காத்திருப்புக்குக் கல்லூரிக் கட்டணம் உடனே கட்ட வேண்டியதில்லை. ஆகவே மருத்துவக் கலந்தாய்வு நோக்கியிருந்தோரும் இங்கே ஓர் இடத்தைப் பிடித்து வைத்துக் கடைசியில் விட்டுப் போயினர்; இடங்கள் வீணாயின. 2022 முதல் விதி மாறிற்று. சேர்வோர் கல்லூரியிலும், அப்வர்டு கேட்போர் சேவை மையத்திலும் குறித்த கெடுவுக்குள் பணம் கட்ட வேண்டும். கட்டாதவர் இடம் அடுத்தவர்க்கு. விதி நல்ல விதிதான். ஆனால் கெடு ஒரு வாரத்துக்குள் அடங்குவது.

எடுத்துக்காட்டு: திருவொற்றியூர்ப் பெண்ணொருத்திக்கு ஒதுக்கீடு சிவில், வேண்டியது ஈசிஈ.

“நைனா, அப்வர்டு குடுத்தா ஈசிஈ வரும்.”

“வருமா, வரலாமா?”

“வரலாம்.”

“துட்டு எப்போ கட்டணும்?”

“இப்பவே.”

நைனா மணலியில் கான்ட்ராக்ட் லேபர். சம்பளம் ஏழாம் தேதி. இப்பெண் சிவில் படித்தாள் என்க. முல்லைக்கு உரியது ஆற்றியிருத்தல் என்பர் முன்னோர். ஆற்றியிருக்கக் கைக்காசு வேண்டும் என்பதை அவர் ஓதாது விட்டனர்.

இதற்குப் புறனடை உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தோர்க்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2021இல் வந்தது. அவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளையும் இதில் அடக்கம். இவர் கவலையின்றி முல்லையில் இருக்கலாம். எனக்குத் தெரிந்து இத்திணை மரபை உண்மையில் திருத்தியது இந்த ஒரு சூத்திரமே. ஆனால் அடுத்த தெருவில் பாதிரிமார் தொடங்கிய அரசு உதவி பெறும் பள்ளியில் படித்த பிள்ளை இதில் அடங்காது. அதே கடல், அதே தடைக்காலம், அதே நைனா; நடுவே ஒரு காம்பவுண்ட் சுவர்.

ஐந்திணைக்குப் புறத்தே இரண்டு. கிண்டிக் கம்ப்யூட்டர் சயின்ஸை முதல் விருப்பமாகக் கட் ஆஃப் 140 கொண்டு பதிதல் கைக்கிளை. ஒருதலைக் காமம், குற்றமன்று, செலவுமில்லை. மேனேஜ்மென்ட் கோட்டா பெருந்திணை. சிறுபான்மையல்லாத தனியார் கல்லூரிகள் 65 விழுக்காடு இடத்தை அரசுக்குத் தந்தது போக எஞ்சியது அது. நன்கொடை வாங்குவதைத் தடுக்கும் சட்டம் 1992 முதல் உண்டு. ஆதலின் அங்கே நன்கொடை இல்லை, ‘டெவலப்மென்ட்’ உண்டு. வீட்டை அடகு வைத்துப் பெருந்திணை புகுவோர் ஒன்றை மறப்பர்: குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆவார்க்குக் கலந்தாய்வு வழி வந்தால் மட்டும் உரிய கட்டணச் சலுகை அங்கே செல்லாது.

உதவித்தொகை பற்றி ஒரு வேற்றுமை. அமெரிக்கக் கல்லூரி இடமும் உதவியும் தானே கணக்கிட்டு எழுதி அனுப்பும். காத்திருப்போர்க்கும் தனிக் கடிதம் உண்டு. நம் வழக்கில் இடம் ஒரு வலைத்தளத்தில், உதவி தாலுகா அலுவலகத்தில். தகுதியுடைய பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று நம் எல்லைக்குச் சற்றே தெற்கே, பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கிற்று. அது சேர்ந்த பின் வருவது. வங்கிக் கடன் 4 லட்சம் வரை ஈடின்றித் தரலாம் என்பது விதி. மேனேஜர் முகம் விதிவிலக்கு.

சான்றிதழ்களுள் நயமுடையது முதல் பட்டதாரிச் சான்று. அதன் படிவத்தில் அப்பா, அம்மா, உடன்பிறந்தார், இருவழித் தாத்தா பாட்டி எல்லோர் படிப்பும் எழுத வேண்டும். ‘படிக்கவில்லை’, ‘ஐந்தாம் வகுப்பு’, ‘இறப்பு’ என்று கட்டம் நிரம்பும். குடும்பத்தின் கல்லாமையை அரசு கையொப்பமிட்டு மதிக்கும் ஒரே தாள் அதுதான். சொந்தச் சம்பாத்தியத்தில் அக்காள் பி.ஏ. முடித்திருந்தால் தம்பிக்குச் சலுகை போயிற்று. அண்ணன் கல்லூரிக்குப் போய் மூன்று அரியரோடு நின்றிருந்தால்? போனமையின் பட்டதாரி என்பார் ஒருசாரார். முடியாமையின் அல்லன் என்பார் ஒருசாரார். பட்டம் என்பது பெறுதலன்றிப் போதலன்று ஆகலின் பின்னதே கொள்க. ஆயினும் அண்ணன் அதே சலுகையில் சேர்ந்தவனா என்பதை முதலில் கேட்டறிக. இவ்விடத்து முடிந்த முடிபு வேண்டுவோர் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தரும் பெரியவரை அணுகுக. கட்டணம் ஐம்பது ரூபாய், பேரம் உண்டு.