வாட்டம்

சிவகாசியில் வீடு கட்டுகிறவன் மழையைப் பற்றி யோசிக்க மாட்டான். யோசித்தால் அது ஊர்த்துரோகம். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து இங்கே தொடங்கியபோது, ஊர் அவர்களுக்குக் கொடுத்த முதல் மூலதனம் வெயில். குச்சி காயணும், மருந்து காயணும், காகிதம் காயணும். பட்டாசும் அச்சுத்தொழிலும் அந்த வெயிலைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தன. ஆடி தொடங்கி தீபாவளி முடியும்வரை வானத்தில் ஒரு மேகம் கறுத்தால், திரி கிள்ளுகிறவரிலிருந்து லாரியில் லோடு ஏற்றுகிறவர் வரை எல்லார் முகமும் கறுக்கும்.

ஊரைத் தாண்டி இரண்டு மைல் போனால் கரிசல்காட்டுச் சம்சாரி அதே மேகத்தைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்பார். எங்கள் வீட்டில் இந்த இரண்டு கட்சியும் உண்டு. அப்பாவுக்கு நாலு ஏக்கர் மக்காச்சோளம். எனக்குக் காலண்டர் அடிக்கிற அச்சாபீசில் புரூப் பார்க்கிற வேலை. மேகம் கூடினால் இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஒரே சாமியிடம் எதிரெதிர் வேண்டுதல் வைப்போம். சாமி பெரும்பாலும் என் பக்கம்தான். விருதுநகர் மாவட்டத்தில் வருஷத்துக்கு எண்ணூறு மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதில் பாதிக்குப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும்.

இந்தத் தைரியத்தில்தான் 2023 சித்திரையில் முற்றத்துக்குக் கல் பாவினேன்.

தேவை என் மனைவியுடையது. கரிசல் மண் வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பேரனின் ஒரு செருப்பு அப்படி ஒரு வெடிப்புக்குள் போனது, இன்றுவரை திரும்பவில்லை. மழை பெய்தாலோ அதே மண் பசையாகி, வாசலில் இறங்கி ஏறுவதற்குள் ஆளுக்கு அரை கிலோ காலில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். "என்னங்க, எதுத்த வீட்டுல பேவர் பிளாக் போட்டு எப்படிப் பளிச்சுன்னு வச்சிருக்காங்க" என்று அவள் ஆரம்பித்தது தைப்பொங்கலுக்கு. சித்திரையில் நான் சரணடைந்தேன்.

எனக்கு ஆலோசகர்கள் மூன்று பேர்.

முதலாமவர் மச்சான். மனைவியின் அண்ணன், உடன்குடிக்காரர். வரும்போதெல்லாம் ஒரு கொட்டான் கருப்பட்டியும் ஒரு மூட்டை அறிவுரையும் கொண்டுவருவார். அவர் ஊர் தேரிக்காட்டு ஓரம். குடம் குடமாகக் கொட்டினாலும் தண்ணீர் எங்கே போனது என்று தேட வேண்டிய மண். "மாப்ள, ஒண்ணும் யோசிக்காதியும். மூணுக்கு மூணு, நாலடி ஆழத்துல ஒரு குழி. உள்ள ஜல்லியப் போடும். முற்றத்துத் தண்ணி, மாடித் தண்ணி எல்லாம் அதுல விடும். சொட்டு நிக்காது, போயிரும்லா."

குழியும் தோண்டியாயிற்று. அக்னி நட்சத்திர வெயிலில் அவரே ஒரு வாளித் தண்ணீரை அதில் ஊற்றிக் காட்டினார். மடக் மடக்கென்று குடித்துவிட்டது. இன்னொரு வாளி. அதையும் குடித்தது. மச்சான் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு விஞ்ஞானியின் அமைதி இருந்தது.

அந்தத் தண்ணீரை மண் குடிக்கவில்லை, வெடிப்பு குடித்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. கரிசலில் இருக்கும் களி, காயும்போது சுருங்கி வெடிக்கும், நனைந்தால் உப்பும். முதல் இரண்டு மழையை அந்த வெடிப்புகள் ஆசையாக வாங்கிக்கொள்ளும். மூன்றாவது மழைக்குள் மண் உப்பி, வெடிப்பெல்லாம் மூடி, சிமெண்டுத் தொட்டி மாதிரி ஆகிவிடும். அப்புறம் ஒரு சொட்டு இறங்காது. மண் தண்ணீர் இழுக்குமா என்று பார்க்கிறவன் முதல்நாள் குழியை நிரப்பி ஊறவிட்டு, மறுநாள் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை இஞ்ச் குறைகிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் பின்னால் வருவார். நல்லது சொல்கிறவர்கள் எப்போதும் பின்னால்தான் வருகிறார்கள்.

இரண்டாமவர் வாஸ்து பார்க்கிறவர். ஈசானிய மூலை, அதாவது வடகிழக்கு, தாழ்ந்திருக்க வேண்டும். தண்ணீர் அந்தப் பக்கம் ஓடினால் செல்வம் சேரும் என்றார். என் வீடு தெற்குப் பார்த்த வீடு. தெரு தெற்கே, தெரு வாறுகால் தெற்கே. வடகிழக்கில் இருப்பது பின்வீட்டுக்காரரின் காம்பவுண்டு சுவர். அவர் மனை என் மனையைவிட ஒன்றரை அடி உயரம். இதை நான் சொல்லியிருக்கலாம். வேலை தொடங்க வாஸ்து நாளைக் குறித்ததே நான் புரூப் பார்த்த காலண்டரிலிருந்துதான் என்பதால், என் தொழிலை நானே சந்தேகப்படுவது சரியாகத் தோன்றவில்லை.

மூன்றாமவர் கொத்தனார். இளவயது, சுறுசுறுப்பு, காதில் எப்போதும் புளூடூத். "வாட்டம் எவ்வளவு விடுவீங்க?" என்று கேட்டேன். தண்ணீர் ஓடத் தரையில் விடுகிற சரிவுக்கு எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் சொல்லும் வார்த்தை அது. "அதெல்லாம் கண்ணாலயே விட்டுருவேன், அண்ணாச்சி" என்றார். டியூப் மட்டம் எடுத்து வரவில்லையா என்றதற்கு, புளூடூத்தில் வேறு யாருடனோ சிரித்தார்.

மூவரும் ஒன்றுகூடி என் வீட்டுத் தண்ணீர் முழுவதையும் ஈசானிய மூலைக்கு அனுப்பினார்கள். குழியும் அங்கே. வாஸ்துப்படி நிலத்தடித் தொட்டி, நாங்கள் சம்ப் என்று சொல்வது, அதுவும் ஏற்கெனவே அங்கே. வாரம் ஒருமுறை வரும் குடிதண்ணீரை நாங்கள் பொன்போல் சேர்த்துவைக்கிற இடம். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று அதன் மூடியைத் தரையோடு தரையாக மட்டம் சேர்த்துக் கல் பாவினார் கொத்தனார். காலில் இடிக்காது பாருங்க என்றார். இடிக்கவில்லை.

மாடித் தண்ணீர்க் குழாய் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தபோது, ஊரே குழாய் வாங்கியது. நானும் வாங்கினேன். மாடியிலிருந்து இறங்கி மண்ணுக்குள் இரண்டடி போய் நிற்கும் குழாய். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஒன்றும் இல்லை. இருபது வருஷம் அது அங்கே ஒரு நேர்த்திக்கடன் போல நின்றது. இப்போது அதை எடுத்து மச்சானின் குழியில் விட்டோம்.

அந்த வருஷம் கார்த்திகையில் ஒருநாள் சாயங்காலம் பிடித்த மழை விடியவிடியப் பெய்தது. அதற்கு முன்பே ஐப்பசி மழையில் கரிசல் உப்பி வாயை மூடிக்கொண்டிருந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈசானிய மூலையில் செல்வம் சேர்ந்துகொண்டிருந்தது.

புரூப் பார்க்கிறவனுக்குத் தப்பு எப்போதும் அச்சான பிறகுதான் கண்ணில் படும். அந்த ராத்திரி ஒரு பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். என் மொட்டைமாடி ஆயிரம் சதுர அடி. அதில் ஒரு செண்டிமீட்டர் மழை விழுந்தால் 930 லிட்டர், அறுபது குடத்துக்கு மேல். மச்சானின் குழி வெறும் குழியாக இருந்தால் ஆயிரம் லிட்டர் பிடிக்கும். ஜல்லி நிரப்பிவிட்டதால் சந்துபொந்தில் பிடிப்பது நானூறுதான். அதாவது அரை செண்டிமீட்டர் மழை பெய்வதற்குள் குழி நிரம்பிவிட்டது. முற்றத்துத் தண்ணீர் இந்தக் கணக்கிலேயே இல்லை. பின்வீட்டு உயரத்திலிருந்து சுவர் ஓட்டை வழியாக வந்தது தனி. மிச்சத் தண்ணீர் எங்கே போகும் என்று பென்சிலை வைத்துக்கொண்டு யோசித்தபோது, சம்ப் மூடியின் ஞாபகம் வந்தது.

காலையில் மனைவி குழாயைத் திறந்தாள். டீ வந்தது. பால் ஊற்றாத, சர்க்கரை போடாத, கரிசல் டீ. அவள் எதுவும் பேசவில்லை. டம்ளரில் பிடித்து என் பேப்பருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மச்சானுக்குப் போன் போட்டேன். "இன்னும் நிக்கா? நிக்கக் கூடாதே" என்றார். குழி என்மேல் தனிப்பட்ட விரோதம் கொண்டிருப்பதுபோல அவர் குரலில் ஓர் ஆச்சரியம். பிறகு தயங்கித் தயங்கி, "மாப்ள, நீர் சொன்ன மாதிரி நானும் கல்லு போட்டேன்லா..." என்றார்.

ஆமாம். நானும் சும்மா இருக்கவில்லை. போன வருஷம் அவர் முற்றத்துக்குக் கல் பாவியபோது, "ஓரத்துக்கு எதுக்குக் கட்டு? எங்க ஊர்ல மண்ணு இறுகிப் பிடிச்சுக்கிடும்" என்று சொன்னது நான்தான். களிமண்காரன் மணல்காரனுக்குச் சொன்ன யோசனை. மணலில் ஓரக்கல் பதித்து நாலு பக்கமும் கட்டாமல் விட்டால், மாடித் தண்ணீர் விழும் இடத்தில் மணல் சந்துவழியாக நழுவி ஓடிவிடும். மேலே கல் மட்டும் நிற்கும், யாராவது மிதிக்கும்வரை. அவர் மிதித்திருக்கிறார். முற்றம் இப்போது விழுந்த பல் வரிசை மாதிரி இருக்கிறதாம். பைக்கை நிறுத்தினால் ஸ்டாண்டு உள்ளே போய்விடுகிறதாம். ஆக, அவர் மண்ணுக்கு நானும் என் மண்ணுக்கு அவரும் வைத்தியம் பார்த்திருக்கிறோம்.

அடுத்த மாதம், டிசம்பர் 17, 18-இல், அவர்களுக்குக் கொஞ்சம் வடக்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் கொட்டியது. எங்கள் மாவட்டத்துக்கு ஒரு வருஷத்தில் கிடைப்பதைவிட அதிகம். அந்தப் பக்கத்து மணலே கைவிரித்துவிட்டது. மச்சான் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அதைப்பற்றி நான் வேடிக்கையாக எதுவும் சொல்வதாக இல்லை. பஸ் ஓடத் தொடங்கியதும் அரிசி மூட்டையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். குழிப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

தை பிறந்ததும் ஒரு பழைய கொத்தனாரைப் பிடித்தேன். எழுபது வயது. ஸ்கேல் வைத்துப் பார்க்கச் சொன்னவர் இவர்தான். வந்தவர் கல்லைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. தெருவுக்குப் போய் நின்று, "இது எப்பப் போட்ட ரோடு?" என்றார். அப்போதுதான் நானும் பார்த்தேன். ரோட்டுக்கு மேல் ரோடு, அதற்கு மேல் ரோடு. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். எங்கள் தெரு அதற்கு முன்பே வளர்ந்து முடித்துவிட்டது. கட்டும்போது மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது தெருவிலிருந்து ஒன்றேகால் படி.

அவர் ஒரு சணல் சாக்கிலிருந்து டியூப் மட்டத்தை எடுத்தார். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர், நடுவில் ஒரு காற்றுக்குமிழி. "குமிழி இருந்தா பொய் சொல்லும்" என்று அது வெளியேறும்வரை குழாயைச் சுண்டிக்கொண்டே இருந்தார். ஒரு முனையை என்னிடம் கொடுத்து வாசல் நிலையோடு பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையோடு மூலைமூலையாக நடந்தார். அரை மணி நேரம். "பத்தடிக்கு ரெண்டு இஞ்ச் வாட்டம் இருக்கணும், அண்ணாச்சி. இருக்கு. ஆனா வீட்டைப் பார்த்து இருக்கு." முதல் கொத்தனார் வாட்டமே விடவில்லை என்று நான் அவரைத் திட்டியிருந்தேன். பாவம், அளவு சரியாகத்தான் விட்டிருக்கிறார்.

கல்லைப் பெயர்த்தோம். மேல்கரிசலை ஓரடி வழித்து எடுத்துச் சரளை போட்டு இடித்தோம். வாட்டம் தெற்கே, தெருவைப் பார்த்து. அதற்காக முற்றத்தை உயர்த்தியதில் ஒன்றேகால் படி முக்கால் படியானது. சுவரோரம் ஒரு சாண் அகலத்துக்கு வாறுகால். வீட்டைச் சுற்றி மூன்றடிக்குச் சிமெண்டுத் தளம், அஸ்திவாரத்துக் கரிசல் நனைந்து நனைந்து உப்பாமலிருக்க. சம்ப் வாயை ஓரடி உயர்த்திக் கட்டினார். காலில் இடிக்கிறது. தினமும் இடித்துக்கொள்கிறேன், சந்தோஷமாக. ஈசானியம் என்ன ஆவது என்று மனைவி கேட்டதற்குப் பெரியவர், "சாமி மூலைதானே தாயி, காஞ்சு சுத்தமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அதற்கு அவளிடம் பதில் இல்லை. இருபத்தைந்து வருஷத்தில் நான் கண்டுபிடிக்காத வழி.

குழியை மட்டும் மூடவில்லை. ஜல்லியை அள்ளிவிட்டு, மண்ணும் எருவும் போட்டு மனைவி வாழை வைத்தாள். கரிசல் பிடித்து வைத்திருந்த ஈரத்தில் அது பங்குனி வெயிலிலும் வாடாமல் நின்றது.

அடுத்த ஐப்பசியில் நல்ல மழை. குடை பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்று பார்த்தேன். தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்டு, சுவரோரம் திரும்பி, கேட்டுக்கு அடியில் குனிந்து, தெருவுக்குப் போனது. அச்சில் தப்பில்லாமல் வந்த முதல் காலண்டரைப் பார்ப்பதுபோல இருந்தது. அப்பாவைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினேன். "எம்புட்டுத் தண்ணி, வீணா காட்டுக்கு இல்லாமப் போகுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மழை வெறித்ததும் எதிர்வீட்டுக்காரர் கையில் விளக்குமாறோடு வெளியே வந்தார். பளிச்சென்ற பேவர் பிளாக் வீட்டுக்காரர். அவர் வாசல் முழுக்கத் தண்ணீர். நடுவில் எங்கள் வாழையின் காய்ந்த சருகு ஒன்று மிதந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இந்த வருஷம் என்னமோ எல்லாத் தண்ணியும் எங்க வீட்டுக்கே வருது. என்ன பண்றதுன்னே தெரியல" என்றார்.

"ஒண்ணும் யோசிக்காதீங்க" என்றேன். "எங்க மச்சான் நம்பர் தர்றேன். மண்ணைப் பத்தி அவருக்குத் தெரியாதது கிடையாது."