144-க்கு எத்தனை?

குதிரைக்கு மூன்று கால்தான் என்று முதலில் நினைத்தேன். நாலாவது கால் ஓரிடத்தில் மறைந்து வேறொரு இடத்தில் முளைத்தது. நடுவில் எங்கே போய் வந்தது என்று அதற்கே தெரிந்திருக்காது. பொங்கல் விடுமுறை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம், நான் 1899-ஆம் வருட அமெரிக்காவில் இருந்தேன். ‘ரெட் டெட் ரிடெம்ஷன் 2’ விளையாட்டில் ஆர்தர் மார்கன் என்ற கொள்ளைக்காரனாக, குரோம்பேட்டை வீட்டு ஹாலில் லுங்கியோடு குதிரையேறிப் போய்க்கொண்டிருந்தேன்.

குதிரைக்கு என்ன நோய் என்று பார்க்கத்தான் திரை மூலையில் ஃப்ரேம் ரேட் காட்டும் வசதியைப் போட்டேன். இன்று யோசித்தால், அதைப் போடாமலே இருந்திருக்கலாம். வீட்டில் பி.பி. மெஷின் வாங்குகிறவரை எல்லோரும் ஆரோக்கியமாகத்தானே இருந்தோம்.

எண் வந்தது. 18.

அம்மா காபி டம்ளரோடு பின்னால் வந்து நின்றார். “மூலைல என்னடா பதினெட்டுன்னு எழுதியிருக்கு?”

“ஃப்ரேம் ரேட்மா. கேம் எவ்வளவு நல்லா ஓடுதுன்னு காட்டும்.”

அம்மா முப்பத்தோரு வருடம் தொடக்கப் பள்ளியில் பாடம் எடுத்தவர். காய்கறிக்காரர் எடை சொன்னால்கூட அவருக்கு அது மார்க்காகத்தான் கேட்கும். “பதினெட்டா? முப்பத்தஞ்சு எடுத்தாதாண்டா பாஸு,” என்று சொல்லிவிட்டு, ஃபெயிலான பையனின் அப்பாவைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

அம்மா போட்ட பாஸ் மார்க்குக்குச் சரித்திர ஆதாரம் உண்டு என்பது அவருக்குத் தெரியாது. 1993-இல் வந்த ‘டூம்’ விளையாட்டு நொடிக்கு 35 ஃப்ரேமைத் தாண்டாதபடி பூட்டப்பட்டிருந்தது. அன்றைய திரை நொடிக்கு 70 முறை புதுப்பித்துக்கொள்ளும், அதில் சரிபாதி. உலகமே அந்த 35-ஐ வைத்துக்கொண்டு ராத்திரி பகலாகப் பேய் சுட்டது. நான் 18-இல் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இதில் எனக்கு வலித்த விஷயம் வேறு. அந்த கம்ப்யூட்டரில் அப்போது தனியாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு இருந்தது. அதை வாங்கிய கதையைச் சொல்லாவிட்டால் வலி புரியாது.

2021 கடைசியில், மகளின் படிப்புக்காக என்று வீட்டில் அறிவித்துவிட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். மகளின் படிப்புக்கு எதற்கு மின்னும் விளக்கு வைத்த பெட்டி என்று மனைவி கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தச் சமயம் கிராஃபிக்ஸ் கார்டு விலை ஆகாயத்தில் இருந்தது. கிரிப்டோ காசு தோண்டுகிறவர்கள் கார்டுகளை மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போன காலம். அதனால், படம் காட்டும் திறமையும் தனக்குள்ளேயே கொண்ட ரைசன் 5600ஜி பிராசஸரைப் போட்டு, கார்டு வைக்கும் இடத்தைக் காலியாக விட்டேன். நல்ல வரனுக்குக் காத்திருப்பதுபோல் ஒரு வருடம் காத்திருந்தேன். 2022 செப்டம்பரில் எதேரியம் தன் முறையை மாற்றிக்கொண்டு, கார்டு வைத்துக் காசு தோண்டும் வேலையையே ஒழித்தது. விலை இறங்கியது. தீபாவளி போனஸ் வந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்றையும், நொடிக்கு 144 முறை புதுப்பிக்கும் மானிட்டர் ஒன்றையும் வாங்கி, மின்சார ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் “குழந்தைக்கு டிரஸ்ஸா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கார்டை நானே சொருகினேன். விளையாடிப் பார்த்தேன். ஆஹா, என்ன வித்தியாசம்! குதிரையின் பிடரி மயிர் தனித்தனியாகத் தெரிகிறது, வானத்துக்கு ஆழம் வந்துவிட்டது என்று அலுவலகத்தில் மூன்று மாதம் பேசினேன். இரண்டு பேர் என் பேச்சை நம்பி அதே கார்டை வாங்கினார்கள்.

இப்போது 18.

வைத்தியம் ஆரம்பித்தது. டிரைவரை அழித்துப் புதிதாகப் போட்டேன், பிரவுசரை மூடினேன், வைரஸ் தேடும் மென்பொருளுக்கு லீவு கொடுத்தேன், பவர் பிளானை மாற்றினேன். பிறகு விளையாட்டின் செட்டிங்ஸில் ஒவ்வொன்றாகக் குறைக்க ஆரம்பித்தேன். நிழல் போனது. புல் போனது. ஆறு தார் ஊற்றிய ரோடு மாதிரி ஆனது. ஆர்தர் மார்கனின் முகம் ஆதார் அட்டைப் படம் போல் ஆனது. இவ்வளவு தியாகத்துக்கும் கிடைத்தது 23.

“சினிமாவுக்கு நொடிக்கு இருபத்திநாலு போதுமாமே, உங்களுக்கு மட்டும் ஏன் போதல?” என்றார் மனைவி. எங்கே படித்தாரோ.

நியாயமான கேள்வி, அதற்கு நியாயமான பதிலும் உண்டு. சினிமா கேமரா ஒவ்வொரு ஃப்ரேமிலும் அசைவைக் கொஞ்சம் கலங்கலாகத்தான் பதிவு செய்யும். அந்தக் கலங்கல்தான் ஒரு ஃப்ரேமை அடுத்ததோடு கோந்து போட்டு ஒட்டுகிறது. கம்ப்யூட்டர் வரைகிற ஃப்ரேமோ விளக்கிக் கவிழ்த்த பாத்திரம்போல் பளிச்சென்று இருக்கும், ஒட்டாது. தவிர, தியேட்டரில் ஹீரோவை ஓடவைப்பது நாம் இல்லை. இங்கே பட்டனை அழுத்துவது என் விரல். 60 ஃப்ரேம் என்றால் ஒன்றை வரைய சுமார் 16.7 மில்லிசெகண்ட். 18 என்றால் 55 மில்லிசெகண்டுக்கு மேல். நான் திரும்பு என்று சொல்லி, குதிரை அதைக் காதில் வாங்கி, யோசித்துத் திரும்புவதற்குள் பள்ளத்தாக்கு வந்துவிடுகிறது.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “நான் கூப்பிட்டா நீங்க திரும்பறதுக்கு எத்தனை மில்லிசெகண்ட்?” என்றார்.

கடைசியில் அக்கா பையனை வீடியோ காலில் பிடித்தேன். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். “மாமா, சிபியு டெம்பரேச்சர் என்ன?” என்றான். பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடு இல்லை என்றேன். அது கேபினெட், சிபியு உள்ளே இருக்கும் சின்னச் சில்லு என்று திருத்தினான். தமிழ்நாட்டில் கேபினெட்டை சிபியு என்று சொல்லாதவன் இவன் ஒருவன்தான். பிறகு, “மாமா, பின்னாடி காட்டுங்க” என்றான். போனைப் பெட்டிக்குப் பின்னால் கொண்டுபோனேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தால், வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தான்.

“மாமா, மானிட்டர் ஒயர் எங்க சொருகியிருக்கீங்க?”

“எப்பவும் சொருகற எடத்துலதான்.”

அதுதான் தப்பு. கார்டு இல்லாத ஒரு வருடம் ஒயர் மதர்போர்டில் இருந்தது. கார்டு வந்த பிறகும் பழைய வீட்டுக்கே போகும் பூனைபோல் அங்கேயே கொண்டுபோய்ச் சொருகியிருக்கிறேன். படம் வரைந்த வேலை முழுக்க 5600ஜி உடையது. கீழே ஒரு விரற்கடை தள்ளி, தீபாவளி போனஸ் மொத்தத்தையும் விழுங்கிய கார்டு, மூன்று விசிறியும் விளக்கும் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தது. கார்டைச் சொருகியதும் மதர்போர்டு வழியாகப் படம் வருவதை நிறுத்திவிடும் போர்டுகள் உண்டு. அப்படியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். என் போர்டுக்குப் பெருந்தன்மை அதிகம்.

வானத்துக்கு ஆழம் வந்ததே, அது? அதைப் பற்றி அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒயரை மாற்றினேன், செட்டிங்ஸைப் பழையபடி ஏற்றினேன். 71! அம்மாவைக் கூப்பிட்டேன்.

“எழுபத்தொண்ணா? எத்தனைக்கு?”

எத்தனைக்கு என்றால் என்ன சொல்ல. மானிட்டர் நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறதோ அதுதானே முழு மார்க். திரையின் செட்டிங்ஸைத் திறந்து பார்த்து, “அறுபதுக்குமா” என்றேன்.

“அறுபதுக்கு எழுபத்தொண்ணு எப்படிடா வரும்? யாரு திருத்தினது?”

சிரித்தேன். சிரித்துக்கொண்டே, ஒரு நிமிஷம், அறுபதா என்றேன். 144 என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டு விற்ற மானிட்டர். அதை 60-இல் விட்டு வைத்து மூன்று மாதம் பார்த்திருக்கிறேன். செட்டிங்ஸில் ஒரே ஒரு இடத்தில் எண்ணை மாற்ற வேண்டும், தானாக மாறாது. ஒரு கோயம்புத்தூர் இன்ஜினியரும் ஒரு குரோம்பேட்டை நிபுணரும் தவறவிட்டதை, விடைத்தாள் திருத்திப் பழகிய கண் பிடித்துவிட்டது.

இங்கேயே நிறுத்தியிருந்தால் நான் மனுஷன். ஆனால் அந்த எண் மூலையில் இருந்துகொண்டே இருந்தது. காட்டுக்குள் போனால் 64. ஊருக்குள் வந்தால் 58. மலை மேல் சூரியன் உதிக்கிறது, மூடுபனி விலகுகிறது, ஒரு மான் தலை தூக்கிப் பார்க்கிறது. நான் பார்ப்பது 69. குதிரையை மரத்தில் கொண்டுபோய் மோதினேன், கண் மூலையில் இருந்ததால். ஒருநாள் ஆற்றங்கரையில் எண் எதனால் ஏறி இறங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டு நின்றபோது கரடி வந்து அடித்துக் கொன்றுவிட்டது. சாகும்போதுகூட 73 இருந்தது. அதில் எனக்கு ஒரு திருப்தி.

சராசரி நன்றாக இருந்தாலும் நடுநடுவே விக்கும். இது தனி வியாதி. எங்கள் பக்கத்தில் ஒரு மணிக்கு ஆறு பஸ் என்று கணக்கு இருக்கும், ஆனால் ஐம்பது நிமிடம் ஒன்றும் வராமல் கடைசியில் ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கணக்குப்படி தப்பில்லை, நிற்கிறவன் கால்தான் போச்சு. ஃப்ரேமும் அப்படித்தான், எத்தனை வருகிறது என்பதைவிட எவ்வளவு சீராக வருகிறது என்பது முக்கியம். ரிச்சி ஸ்ட்ரீட் கடைத் தம்பி விசாரித்துவிட்டு, “ரேம் ஒண்ணா ரெண்டா சார்?” என்றார். 16 ஜிபி ஒரே குச்சி. இரண்டு குச்சியாகப் போட்டால்தான் பிராசஸரோடு இரண்டு வழியாகப் பேசுமாம். இன்னொன்று வாங்கிப் போட்டேன். பயாஸுக்குள் போய், 3200 என்று அச்சடித்துவிட்டு 2400-இல் சோம்பிக்கொண்டிருந்த ரேமை எக்ஸ்எம்பி போட்டு எழுப்பிவிட்டேன். விக்கல் பெரும்பாலும் நின்றது.

பிறகு மே மாதம் வந்தது.

காலையில் 75 இருப்பது மதியம் மூன்று மணிக்கு 34 ஆகிவிடும். அம்மா கணக்கில் ஒரு மார்க்கில் ஃபெயில். ராத்திரி மறுபடி 70. இந்த முறை பெட்டியைத் தொட்டுப் பார்க்காமல் மென்பொருளில் பார்த்தேன், பிராசஸர் 95 டிகிரி. அந்த எல்லையைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில் மதியம் வேலை செய்யாதே என்று அம்மா எனக்குச் சொல்வதை அதுதான் கேட்டிருக்கிறது.

சூட்டுக்குக் காரணம் தேடினால், பெட்டி மேல் உறை. அம்மாவின் பழைய வாயில் புடவையில் தைத்தது. எங்கள் வீட்டில் டி.வி., மிக்ஸி, ரேடியோ எல்லாவற்றுக்கும் உறை உண்டு. நான் விளையாடும்போது கழற்றுவேன், ஆனால் முன்பக்கத்தை மட்டும் தூக்கி மேலே போட்டுக்கொள்வேன். சூடு வெளியே போகிற பின்பக்கம் முக்காடு போட்டபடியே இருக்கும்.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு சின்னக் கம்பளி ஆடு படுத்திருந்தது. முகர்ந்தால் சாம்பிராணி வாசனை. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா வீடு முழுக்கப் புகை காட்டும்போது, விலை அதிகமான பொருள் என்று இதற்கு மட்டும் இரண்டு சுற்று அதிகம். முன்பக்க விசிறிகள் பக்தியோடு அவ்வளவையும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கின்றன. விசிறி இறக்கைகளில் சிவப்பாக ஒரு கோடு ஓடியது. பயந்துபோய்ப் பார்த்தால் குங்குமம், ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. வலைக்கதவில் வைத்தால் எங்கே போகும்?

பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்ததோடு விட்டிருக்கலாம். தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றிவிடலாமே என்ற ஆசை வந்தது. கூலரின் நாலு திருகையும் கழற்றி நேராக இழுத்தேன். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தேன். வந்தது, கூடவே பிராசஸரும் வந்தது. பழைய பேஸ்ட் கல்லாகி இரண்டையும் ஒட்டிவைத்திருக்கிறது. கொஞ்ச நேரம் கேம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, லேசாகத் திருகி எடுக்க வேண்டும் என்பது நியதி. எனக்கு அது மறுநாள் தெரிந்தது. அந்த பிராசஸரின் அடியில் 1331 தங்கமுலாம் பூசிய ஊசிக்கால்கள். அதில் இரண்டு கீழே விழுந்து கும்பிட்ட மாதிரி படுத்திருந்தன.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மகள் வந்து பார்த்தாள். ஒன்றும் பேசாமல் பென்சில் பாக்ஸிலிருந்து மைக்ரோடிப் பென்சிலை எடுத்து, லெட்டை உருவிவிட்டு, காலி முனையை ஊசிக்காலில் மாட்டி மெதுவாக நிமிர்த்தினாள். ஒன்று. மூச்சு விடாமல் இன்னொன்று. “காலுக்கு ஐநூறு ரூபாய்பா” என்றாள். கொடுத்தேன். இந்தக் கம்ப்யூட்டர் முதல்முறையாக மகளின் படிப்புக்கு உதவியது.

புது பேஸ்ட் பட்டாணி அளவு வைத்தேன், மூடினேன், பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றி, கடைசித் துளி குங்குமத்தை என் சட்டையில் அடித்துவிட்டு, திரை வந்தது. நடு மதியம், 78 டிகிரி, 74 ஃப்ரேம்.

உறை போடக்கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அலுவலகத்திலிருந்து வந்தால் பெட்டி மேல் மறுபடி அதே புடவை உறை. கோபமாகக் கிட்டே போனேன். பின்பக்கம் முழுசாக வெட்டித் திறந்துவிடப்பட்டிருந்தது, ஓரம் மடித்துத் தைத்து. முன்பக்கம் விசிறி இருக்கிற இடத்தில் பழைய கொசுவலைத் துணி, சதுரமாக, அளவெடுத்து.

போட்டே ஓட்டிப் பார்த்தேன். 79 டிகிரி. ஒரே ஒரு டிகிரிதான் கூட, தூசியும் வலையிலேயே நின்றுவிடுகிறது. இதே வேலையைச் செய்யும் காந்தம் வைத்த ஃபில்டரை எண்ணூறு ரூபாய்க்கு வாங்க அந்த வாரம்தான் எழுதி வைத்திருந்தேன்.

பின்னால் அம்மா வந்து நின்றார். “இப்ப எத்தனை?”

“எழுபத்திரண்டுமா.”

“நூத்தி நாப்பத்தி நாலுக்கா?”

“ஆமா.”

விரலில் கணக்குப் போட்டார். “சரியா பாதி. அடுத்த பரீட்சைக்குப் பாப்போம்,” என்று காபியை மேஜையில் வைத்தார். கார்டின் சூடு வெளியே வரும் பக்கமாக நகர்த்தி வைத்தார், ஆறாமல் இருக்க.