விருது பெற்ற விசனம்

காலை உலாவுக்குக் கொரட்டூர் சென்ட்ரல் அவென்யூவில் இறங்குகிற பேராசிரியர், எதிரே வருகிறவர் காதில் விழும்படியாக ஒரு பெருமூச்சு விட்டாரானால், அவருக்கு விருது ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. பிள்ளைக்கு அமெரிக்காவில் உத்தியோகம். பல்கலைக்கழகமொன்றின் மெட்டீரியல் சயின்ஸ் துறையில் மூத்தவராக அமர்ந்திருக்கும் ஒருவருக்கு இவ்வளவுக்கும் மேல் என்ன ஆபத்து வந்துவிட முடியும்? வந்தால் இதுதான் வரும். மாதம் தவறாமல் வந்துகொண்டும் இருக்கிறது.

"என்ன சார், முகம் வாட்டமா இருக்கு?"

"என்னத்தைச் சொல்றது சார். இன்னொண்ணு குடுத்துட்டாங்க."

இச்சந்தர்ப்பத்தில் நாம் அனுசரிக்க வேண்டிய சம்பிரதாயம் ஒன்று உண்டு. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் நடந்துகொள்வது போலவே நடந்துகொள்ள வேண்டும். முதலில் "அடடா" என்று சொல்லி, எப்போது தகவல் வந்தது, எந்த ஊரில், யார் தலைமையில் என்று நிதானமாகக் கேட்டு, அவர் படப்போகும் அலைச்சலுக்கு அனுதாபம் தெரிவித்து, அதன்பிறகு, அதுவும் குரலைச் சற்றே தாழ்த்தி, வாழ்த்தைப் பிரஸ்தாபிக்கலாம். இந்தக் கிரமம் அறியாத தபால் இலாகா நண்பர் ஒருவர், எடுத்த எடுப்பிலேயே "வாழ்த்துகள் சார்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். பேராசிரியர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, விருதின் பெயரைக்கூடச் சொல்லாமல் நடந்துவிட்டார். மறுநாள் அதே நண்பர், "ரொம்ப அலைச்சலா சார்?" என்று புத்தியாகத் தொடங்கிய பிறகே மனம் இளகி, பால் பூத்தில் கூட்டம் வந்து கலைந்து போகும் வரையில் அந்த அலைச்சலைச் சாங்கோபாங்கமாக விவரித்தார்.

சலிப்பின் முதல் அத்தியாயம் பிரயாணம். விழா கோயம்புத்தூரில் என்று வைத்துக்கொள்வோம். அரக்கோணம், காட்பாடி, சேலம் என்று போகிற கோயம்புத்தூர் வண்டிகள் கொரட்டூர் ஸ்டேஷனைக் கடந்துதான் போகின்றன, ஆனால் நிற்பதில்லை. நின்று நம்மை ஏற்றிக்கொள்கிறவை ஆவடி, பட்டாபிராம், திருவள்ளூர் மின்சார வண்டிகள்தாம். ஆகவே விருதாளர் முதலில் எதிர்த்திசையில் வில்லிவாக்கம், பெரம்பூர் எல்லாம் தாண்டிச் சென்ட்ரலுக்குப் போய், அங்கே வண்டியேறி, உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் தம்முடைய ஊர் வழியாகவே திரும்பி விரைய வேண்டியதாகிறது. "நம்ம மொட்டை மாடியிலே காயப்போட்ட வேட்டிகூட ஜன்னல் வழியாத் தெரியுது சார். இப்படிச் சுத்திப் போய் ஒரு சால்வை வாங்கணுமா?" என்று அவர் கேட்கும்போது, "வேண்டாமே" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால், தேர்வுக் குழுவில் யார் யார் இருந்தார்கள், எத்தனை பேரைத் தள்ளி இவரைப் பொறுக்கினார்கள் என்பதையெல்லாம் முழுவதும் கேட்டுத் தீர வேண்டிவரும்.

இரண்டாவது அத்தியாயம் விருதின் சரீரத்தைப் பற்றியது; இங்கேதான் அவருடைய சாஸ்திர ஞானம் உள்ளபடியே பிரகாசிக்கிறது. போர்த்திய சால்வையின் கரையை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, "ஜரிகைன்னா பட்டு நூல் மேலே வெள்ளிக் கம்பியைச் சுத்தித் தங்க முலாம் குடுக்கணும் சார். இது பாலியெஸ்டர் படலத்து மேலே அலுமினிய ஆவியைப் படிய வெச்சது. காஞ்சிபுரம் எவ்வளவு தூரத்திலே இருக்கு, சொல்லுங்க" என்பார். கண்ணாடி போன்ற கேடயத்தை வெளிச்சத்தில் சாய்த்து, "அக்ரிலிக்னு சொன்னாங்க, பாலிஸ்டைரீன். நாலு வெயில் பட்டா மஞ்சளாயிடும்" என்பார். தங்கப் பதக்கம் என்று அச்சிட்ட சான்றிதழோடு வந்த வட்டம் ஒன்றை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, ஆர்க்கிமிடீஸ் காட்டிய வழியில் நிறுத்துப் பார்த்ததாகவும் அவரே சொன்னார். தங்கத்தின் அடர்த்தி 19.3, இந்தப் பதக்கம் 7-க்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. "துத்தநாகக் கலவையிலே வார்த்து மேலே பூசியிருக்கான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அதை மெல்லிய துணியால் துடைத்துக் கூடத்து அலமாரியில் மத்தியில் வைத்தார்.

அந்த அலமாரி இப்போது மூன்று சுவர்களுக்குப் பரவியிருக்கிறது. நவராத்திரிக்குக் கொலுப்படி கட்ட இடமில்லையே என்று அவருடைய மனைவி வந்தவர்கள் எதிரிலேயே வாய்விட்டுச் சொன்னபோது, பேராசிரியர் கொஞ்சமும் சங்கடப்படவில்லை. "அதைத்தானே நானும் சொல்றேன், குடுக்கறவனுக்கு வெக்கற இடம் பத்தித் தெரியுதா?" என்று தம் கட்சிக்குச் சாட்சி கிடைத்த திருப்தியோடு எங்களைப் பார்த்தார்.

ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் அவருடைய விசனம் சர்வதேச அளவுக்கு உயரும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஜான் அயோனிடிஸ் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும், எல்ஸ்வியர் நிறுவனத்தாரின் மேற்கோள் கணக்கைக் கொண்டு, உலக விஞ்ஞானிகளில் முதல் இரண்டு சதவீதத்தார் இன்னாரின்னார் என்று ஒரு பட்டியல் வெளியிடுகிறார்களல்லவா, அது வரும் பருவம் அது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட அப்பட்டியல் விருதன்று, வெறும் புள்ளிவிவரம். ஆனாலும் நம் கல்லூரி வாசல்களில் அதற்கு நடக்கும் உபசாரம் விருதுகளுக்கே நடப்பதில்லை. "நம்மளை ஒரு வார்த்தை கேக்காமலே போட்டுடறான் சார் அந்த ஸ்டான்ஃபோர்டுக்காரன்; அன்னிக்குப் பூரா ஃபோன் அடிச்சுக்கிட்டே இருக்கு; எனக்குத் தெரியாம பசங்க ஃப்ளெக்ஸ் வேற வெச்சுட்டாங்க" என்பது அவர் புகார். அவருக்குத் தெரியாமல் வைத்த அந்த ஃப்ளெக்ஸில் இருந்த படம், அதற்கு முந்தின வாரம் அவர் கோட் அணிந்து ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்டது. ஒருவர் தம்முடைய கட்டுரைகளைத் தாமே மேற்கோள் காட்டிக்கொண்டதைச் சேர்த்து ஒரு கணக்கும், அதைத் தள்ளி ஒரு கணக்கும் அந்தப் பட்டியலில் உண்டு. பேராசிரியர் முதல் கணக்கைப் பற்றி மாத்திரமே சலித்துக்கொள்வது வழக்கம்.

பணம் கட்டிப் பெறும் விருதுகளும் உண்டு. விருதாளருக்கு இவ்வளவு, உடன் வருபவருக்கு இவ்வளவு, மதிய போஜனம் உட்பட என்று அழைப்பிலேயே விவரம் இருக்கும். அவற்றைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒரு தடவை மட்டும், பதிவுக் கட்டணத்தின்மேல் பதினெட்டு சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டுவிட்டார்கள் என்று மனப்பூர்வமாக வருந்தினார். மனப்பூர்வமாக அவர் வருந்திய சந்தர்ப்பம் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு தன்னுடைய அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 ஆராய்ச்சிப் பத்திரிகைகளை ஒரேயடியாக நீக்கியது. அந்த வாரம் அவர் விட்ட பெருமூச்சுகளில் கலப்படமே இல்லை.

கீர்த்திக்கு ஆசைப்படுவதை நான் குறை சொல்லவில்லை. 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி தம் கண்டுபிடிப்பை உறுதி செய்துகொண்ட சர் சி. வி. ராமன், 1930-ஆம் வருஷத்து நோபல் பரிசு அறிவிக்கப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பாகவே ஸ்டாக்ஹோம் போவதற்குக் கப்பலில் இடம் பதிவு செய்துவிட்டார் என்று சொல்வார்கள். வேண்டும் என்றார், வந்தது, போய் வாங்கிக்கொண்டார். அந்த ஆசையில் ஓர் ஆண்மை இருந்தது. அவருடைய மாணாக்கர் ஜி. என். ராமச்சந்திரன் 1952-இல், ஏறக்குறைய முப்பது வயதில், சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பௌதிகப் பேராசிரியராக வந்து, இன்று எந்த மெட்டீரியல் சயின்ஸ் துறையும் ஒரு நாள்கூட இல்லாமல் காலந்தள்ள முடியாத எக்ஸ்-கதிர் முறையைக் கொண்டு, கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பை ஆராயப் புகுந்தார். அதற்கு அவருக்கு அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்த சரக்கு, கங்காருவின் வால் தசைநாண். அதை வைத்துக்கொண்டு அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதியது, மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட அந்த வடிவத்தை உலகுக்குக் காட்டிய கட்டுரைகளில் ஒன்று. 1961-இல் பட்நாகர் பரிசு கிடைத்தது. நோபல் பரிசு கடைசி வரை கிடைக்கவில்லை. கங்காருவின் வாலைப் பற்றி அவர் யாரிடமும் சலித்துக்கொண்டதாக நான் படித்ததில்லை.

நம் பேராசிரியரின் ஆராய்ச்சி என்னவென்று இதுவரை சொல்லவில்லையே என்றால், அவரும் சொல்வதில்லை. துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டது இவ்வளவு: வேப்பிலை, துளசி, முருங்கை, கறிவேப்பிலை முதலிய இலைகளின் சாற்றைக் கொண்டு துத்தநாக ஆக்ஸைடு நுண்துகள் செய்து, புற ஊதா ஒளியில் அது மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைத் தண்ணீரிலிருந்து போக்கடிக்கிறது என்று நிரூபிப்பது, இலைக்கு ஒரு கட்டுரை. கட்டுரை ஒவ்வொன்றின் முடிவிலும், இம்முறை கழிவுநீரைச் சுத்திகரிக்கப் பெரிதும் பயன்படும் என்று ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும். அவர் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் கொரட்டூர் ஏரி இருக்கிறது. சாக்கடையும் அம்பத்தூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைக் கழிவும் கலந்து அது கெட்டதும், ஊர்க்காரர்கள் இயக்கம் கண்டு பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனதும் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஏரித் தண்ணீர் ஒரு பாட்டிலாவது அவருடைய ஆய்வுக்கூடத்துக்குப் போனதுண்டா என்று ஒரு நாள் கேட்டேன். "நிஜத் தண்ணியிலே உப்பு, சோப்பு, எண்ணெய் எல்லாம் இருக்கும் சார். ரிசல்ட் வராது. ரிசல்ட் வராட்டி பேப்பர் வராது" என்றார். இதை மாத்திரம் பெருமூச்சு விடாமல் சொன்னார். ரிசல்ட் ஏன் வரவில்லை என்று பார்ப்பதற்கல்லவா ஐயா உமக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த இலைகளைப் பறித்து, அலசி, கொதிக்க வைத்து, வடிகட்டி, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு முறை வரும் வரையில் காத்துக் கிடக்கிறவள் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி. நெட் தேர்வில் உதவித்தொகைக்குத் தகுதி பெற்றவர்களுக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்று சர்க்கார் நிர்ணயித்திருக்கும் உதவித்தொகை அவளுக்கு எந்த மாதத்தில் வந்து சேரும் என்பதை எந்த உபகரணத்தாலும் அளந்து சொல்ல முடியாது. பேராசிரியரின் விருது விண்ணப்பங்களைத் தயாரிப்பவளும் அவளே. இவர் எவ்வளவு தகுதி வாய்ந்தவர் என்பதை இவர் குரலிலேயே, ஐந்நூறு வார்த்தைக்கு மிகாமல், ஆங்கிலத்தில் எழுதித் தருகிறாள். மேடையில் நன்றி சொல்லும்போது பேராசிரியர் துணைவேந்தரிலிருந்து மைக் செட்காரர் வரைக்கும் ஒருவரையும் விடமாட்டார். அவள் பெயர் மட்டும் அவர் வாயில் வந்ததில்லை. இதில் சிரிப்பதற்கு ஒன்றும் அகப்படவில்லை, மேலே போகிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு இதையும் சொல்லாவிட்டால் தர்மமாகாது. ஒரு சாயங்காலம் கொரட்டூர் பிளாட்பாரத்தில் வண்டிக்காகக் காத்திருந்தபோது, முன்பெல்லாம் ரயில் போனால் தடக் தடக் என்று கேட்குமே, இப்போது ஏன் கேட்பதில்லை என்று பேச்சுவாக்கில் கேட்டுவிட்டேன். பேராசிரியர் குடையை மடக்கித் தண்டவாளத்தைச் சுட்டிக்காட்டிப் பேச ஆரம்பித்தார். துண்டு துண்டாக இருந்த தண்டவாளங்களை, அலுமினியத் தூளையும் இரும்பு ஆக்ஸைடையும் கலந்து பற்றவைத்து, அதில் உருகி வரும் இரும்பையே வார்த்து இப்போது ஒன்றாக ஒட்டிவிடுகிறார்கள் என்றார். அப்படியானால் சித்திரை வெயிலில் நீண்டு போகாதா என்றேன். நீளத்தான் பார்க்கும், ஆனால் சிலீப்பர்களும் ஜல்லியும் பிடித்துக்கொண்டு விடுவதால் நீள முடியாது. அந்த வேகமெல்லாம் உள்ளேயே அழுத்தமாக அடைபட்டு நிற்கும். பிடி எங்கேயாவது தளர்ந்தால் தண்டவாளம் பக்கவாட்டில் வளைந்துவிடும், அதற்காகத்தான் கோடையில் அவ்வளவு காவல் என்று விளக்கினார். பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளும், காதில் செருகியதைக் கழற்றிவிட்டு ஒரு பையனும் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்கள். ஆவடி வண்டி ஒன்று வந்து போனதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அந்த நேரம் முழுவதிலும் அவர் ஒரு விருதைப் பற்றியும் வாய் திறக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

"இப்படிச் சொல்லிக் குடுத்தா யாருக்கு சார் புரியாது!" என்றேன். நான் அவரிடம் பேசிய வார்த்தைகளில் நூற்றுக்கு நூறு உண்மையானது அது. முகம் மலர்ந்து, குழந்தை மாதிரி ஒரு கணம் சிரித்தார். அப்புறம், தூரத்தில் அடுத்த வண்டியின் விளக்கு தெரிந்ததும், தோளைத் தளர்த்திக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"அதையேன் கேக்கறீங்க. நல்லாசிரியர் விருதுக்கு அப்ளை பண்ணுங்க, பண்ணுங்கன்னு ஒரே தொந்தரவு. வெளியாள் ரெண்டு பேர் பரிந்துரைக் கடிதம் வேணுமாம். ஒண்ணுக்கு உங்க பேரைப் போட்டுட்டேன் சார். லெட்டரை அந்தப் பொண்ணே டைப் பண்ணிடும். நீங்க கையெழுத்து போட்டாப் போதும். பாவம், உங்களுக்குத்தான் சிரமம்."