யார் வைத்த வெடி?

டீக்கடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நிலா, நட்சத்திரம், இஸ்ரோ என்று எதையும் வாய்தவறிச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் ஜெயங்கொண்டம் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸும் போய்விடும்.

பிரபஞ்சக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பெரம்பலூர் பக்கத்துப் பிரபஞ்சக்காரர் பெரும்பாலும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற வெள்ளாமைக்காரர். எல்லாம் அழியும், மறுபடி முளைக்கும் என்கிற ஊழிக் கட்சி. வெங்காய விலை விழுந்த வருஷம் அழிவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவார், அவ்வளவுதான். அவரைச் சமாளித்துவிடலாம். அரியலூர்க்காரர்தான் ஆபத்து. சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் காலமெல்லாம் வெடி வைத்து ஓய்வு பெற்றவர். ஆகவே பெருவெடிப்பு அவருடைய டிபார்ட்மெண்ட்.

“வெடின்னா என்னன்னு எனக்கே சொல்றியா தம்பி? முதல்ல குழி போடணும். வரிசையாப் போடணும். மருந்து எறக்கணும், கேப்பு வெக்கணும். சங்கு ஊதணும். செவப்புக் கொடியோட நாலு பக்கமும் ஆள் நிக்கணும். இது ஒண்ணுமே இல்லாம 1380 கோடி வருஷத்துக்கு முன்னாடி வெடிச்சிதுன்னா, வெச்சது யாரு? லைசென்ஸ் யாரு பேர்ல இருந்துச்சு?”

அண்ணே, அது அப்படி ஓர் இடத்தில் வெடித்த வெடி இல்லை, இடமே விரிந்தது, அந்தப் பெயரே அந்தக் கொள்கையை ஏற்காத ஃப்ரெட் ஹாயில் 1949-இல் பிபிசி வானொலியில் பேசும்போது வைத்தது என்றேன். மற்றதெல்லாம் காற்றில் போயிற்று. “ஏற்காத” என்பது மட்டும் காதில் நின்றது. மறுநாளே அவர் ஹாயில் கட்சி.

அந்தக் கட்சிக்கு நிலைப் பிரபஞ்சக் கொள்கை என்று பெயர். ஹாயில், பாண்டி, கோல்ட் மூவரும் 1948-இல் முன்வைத்தது. பிரபஞ்சத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. விரிகிற இடைவெளியில் புதிய பருப்பொருள் தானாகப் பிறந்து நிரப்பிக்கொள்ளும். கன கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு ஏதோ ஓர் அணு பிறந்தால் போதும் என்பது கணக்கு. இதில் நம் ஜயந்த் நார்லிகரும் உண்டு. கேம்பிரிட்ஜில் ஹாயிலிடம் படித்து, 1964-இல் அவரோடு சேர்ந்து ஈர்ப்புக்குப் புதிய கொள்கை சொன்னவர். 2025-இல் புனேயில் காலமானார். பெருவெடிப்பை அவர் கடைசிவரை முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. இது தெரிந்ததும் அண்ணன் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். “நம்மாளு சொல்லிட்டாரு தம்பி. நோண்ட நோண்ட ஊறுது!”

சுரங்கத்தில் ஊறவில்லையே, தோண்டிய பள்ளத்தில் தண்ணீர்தானே நிற்கிறது என்றேன். அது வேறு டிபார்ட்மெண்டாம்.

கட்சி மாறியது புகையால். 1965-இல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்று இருவர். ஆன்டெனாவில் ஓயாத இரைச்சல், எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே அளவு. புறா எச்சமாக இருக்குமோ என்று அதைக்கூடக் கழுவிப் பார்த்தார்கள். போகவில்லை. அந்த இரைச்சல் பெருவெடிப்பின் மிச்ச வெப்பம். வானமெங்கும் பரவியிருக்கிறது, தனிச்சுழிக்கு மேல் 2.7 டிகிரி. 1978-இல் நோபல் பரிசும் வந்தது. கதையைக் கேட்ட அண்ணன் டீயைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது.

“அப்ப வெடிச்சிருக்கான்.”

“யாருண்ணே?”

“வெடிச்சா புகை நிக்கணும். நிக்குது. நாலு பக்கமும் ஒரே மாதிரி நிக்குதுங்கறே. சுத்தமான வேலை தம்பி. ஆள் கெட்டிக்காரன்.”

ஹாயிலும் நார்லிகரும் அந்த நிமிடமே பெஞ்சைவிட்டு எழுந்து போய்விட்டார்கள். அடுத்து ஆலன் கூத் 1981-இல் சொன்ன பெருவீக்கம். நொடியின் நினைத்துப் பார்க்க முடியாத ஒரு துணுக்கில் பிரபஞ்சம் அசுர வேகத்தில் ஊதிப்போனதாம். “எங்க டிலே கேப்பே 25 மில்லி செகண்டு” என்று தொழில்முறைப் பொறாமையோடு அரை மணி நேரம் பேசினார்.

இவ்வளவும் பேசுகிறவரிடம் நான் கேட்டுப் பார்த்தேன். கல்லங்குறிச்சிப் பக்கம் சுண்ணாம்புக்கல் முழுக்கச் சிப்பி. டைனோசர் உயிரோடு இருந்த காலத்தில், ஏறக்குறைய 7 கோடி வருஷத்துக்கு முன்னால், இங்கே கடல் இருந்தபோது படிந்தது. அதைத்தானே அண்ணே இத்தனை வருஷம் வெடிவைத்துத் தகர்த்தீர்கள், பார்த்ததுண்டா? “அதா? கிளிஞ்சல்” என்றார். வாரணவாசியில் அதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறதே? “நத்தைக் கல்லு. அதுல என்ன பாக்கறது?” சாத்தனூர்க் கல்மரம்? 12 கோடி வருஷத்து மரம், 18 மீட்டர் நீளம், 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்துச் சொன்னது. பெண் எடுத்ததே அந்தப் பக்கம்தானாம். மாமனார் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு நாளும் வண்டியை நிறுத்தியதில்லை. கோடிக்கு மேல் கோடி சேராவிட்டால் அவருக்கு வயிறு நிறையாது.

பிறகு வந்தது பல்லண்டம். நம் பிரபஞ்சம் மட்டுமல்ல, எண்ணிலாத பிரபஞ்சங்கள் என்பது. இதற்கும் சுரங்கத்தில் ஆதாரம் இருந்தது. “வரிசையாக் குழி போட்டா எல்லாமா ஒரே மாதிரி வெடிக்குது? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமா வாரும். அதான் மத்த அண்டம்.” பேசாமல் கேட்டுக்கொண்டேன். அது எங்கே வந்து நிற்கப்போகிறது என்று அப்போது தெரியாது.

அப்பா இறந்த அன்று கேதத்துக்கு முதலில் வந்தவர் அவர்தான். பந்தலுக்கு நாற்காலி இறக்கினார், சங்கு ஊதுகிறவருக்குச் சொல்லி அனுப்பினார், பாடைக்குத் தோள் கொடுத்தார். அதையெல்லாம் மறக்க மாட்டேன். ஆனால் அதற்கு நடுவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தொடையில் கை வைத்து, “மனசத் தேத்திக்க தம்பி. இன்னொரு அண்டத்துல அப்பா இந்நேரம் எழுந்து உக்காந்து காபி கேட்டுகிட்டிருப்பாரு” என்றார். உள்ளே அம்மா காதில் அது விழுந்துவிட்டது. அவள் மறுபடி ஆரம்பித்த அழுகையை நிறுத்தப் பொழுது சாய்ந்துவிட்டது.

எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. நல்ல மனிதர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதிரே இருப்பவன் முகத்தைப் பார்த்துப் பேச அவருக்கு வராது. சிரிக்கிறவனுக்கும் அழுகிறவனுக்கும் ஒரே பாடம். அந்த இன்னொரு அண்டத்திலாவது அவர் வாயை மூடிக்கொண்டிருக்கட்டும்.

இப்போது ராத்திரி பதினொன்றுக்கு போன். பிரபஞ்சம் விரியும் வேகத்தில் தகராறு வந்திருக்கிறது. ஆதி வெப்பத்தை வைத்துக் கணக்குப் போட்டால் 67, விண்மீன்களை வைத்து அளந்தால் 73. அதாவது, 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு நொடிக்கு அத்தனை கிலோமீட்டர். பல வருஷமாக விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அண்ணனுக்கு அதில் குழப்பமே இல்லை.

“லோடு ஏத்துன எடத்துல 67 டன்னு. எறக்குற எடத்துல 73 டன்னு. வழியில மழை பேஞ்சு கல்லு நனைஞ்சிருக்கணும். இல்லேன்னா எடைமேடைல கோளாறு. அந்த 73 யாரு போட்டது?”

ஆடம் ரீஸ் என்பவரின் குழு அண்ணே, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், 2011-இல் நோபல் வாங்கியவர் என்றேன்.

“வாங்கட்டும். மேடைக்கு முத்திரை போட்டு எத்தன நாளாச்சுன்னு கேட்டு எழுது. இங்கிலீஷ்ல மரியாதையா எழுது.”

மறுநாள் காலையில் முழு வெள்ளைத்தாள் இரண்டு கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தபால் செலவு என்னுடையதாம்.